பட்டினியும் விருத்தியும்: அந்தமான் வனத்துப் பூஞ்சைகளை முன்வைத்துத் தன்னுண்ணல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அந்தமான் தீவுகளைப் பற்றி எழுதப் புகுந்தவர் எவரும் மழையையும் வனத்தையும் சொல்லாமல் மேற்சென்றதில்லை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றோடு தொடங்கி, வடகிழக்குப் பருவக்காற்றின் துணைகொண்டு டிசம்பர் வரையில் நீளும் மழை ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்வதையும், நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் இன்றும் காடு மூடிநிற்பதையும், படாக்கும் குர்ஜனும் வானளாவ ஓங்கி நிற்பதையும் கண்ட ஒருவர், இப்பிரதேசத்தைச் சுபிட்சத்தின் இருப்பிடம் என்று கொள்வது இயல்பே. ஆனால் வீழ்ந்து கிடக்கும் ஒரு படாக் மரத்தின் உள்ளே இழைவிட்டு வாழும் பூஞ்சையின் பக்கம் நின்று நோக்கினால் காட்சி வேறாகிறது. ஈரமும் வெப்பமும் குறைவற்று, செல்லுலோஸ் என்னும் கார்போஹைட்ரேட் அளவின்றிக் கிடக்கும் அதே இடம், புரதத்துக்கு மூலமான நைட்ரஜனைப் பொறுத்தவரையில் நீங்காத க்ஷாமம் நிலவும் இடமாக இருக்கிறது.

அந்த க்ஷாமத்தின் நடுவே பூஞ்சை வாடிச் சுருங்காமல் முழம் முழமாகப் பரவுவதும், மழை விட்ட சில நாட்களில் குடைகளையும் தட்டுகளையும் வெளியே நீட்டிக் கோடிக்கணக்கான வித்திகளை உதிர்ப்பதும் எவ்வாறு என்பதே நம் முன் உள்ள பிரச்சினை. உயிரணு தன் உடற்கூறுகளில் ஒரு பகுதியைத் தானே சவ்வுப்பையில் அடைத்து, செரித்து, அதன் சாரத்தை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் தன்னுண்ணல், அதாவது ஆட்டோபேஜி என்னும் நிகழ்ச்சி, இதற்கு விடையின் ஒரு பெரும் பகுதி என்பது பலரும் ஒப்புவதே. நான் இங்கு நிறுவ விரும்புவது அதனினும் சற்று மேற்பட்டது. இழைப்பூஞ்சைகளில் தன்னுண்ணல் என்பது ஆபத்துக் காலத்து உபாயம் அன்று. பழைய உடலைப் புதிய உடலாக இடம் மாற்றுவதே அவற்றின் வளர்ச்சி ஆதலால், அது வளர்ச்சியின் அன்றாட அங்கம். பட்டினி ஒருபுறமும் விருத்தி ஒருபுறமுமாக எதிரெதிரே வைத்துப் பேசும் பாடநூல் வழக்கம் இவ்விஷயத்தில் நம்மைத் திசைதிருப்பி விடுகிறது என்பதே என் வாதம்.

முதலில் மரத்தின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் மெரில், கௌலிங் என்னும் இருவர் 1966-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சிகளில், மரக்கட்டையின் உலர் எடையில் நைட்ரஜன் பெரும்பாலும் 0.03 முதல் 0.10 சதவீதம் வரையே உள்ளது என்றும், ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எதிரே முந்நூற்றைம்பது பங்கு முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்கு வரை கரி உள்ளது என்றும் காட்டினர். பூஞ்சையின் உடலிலோ நைட்ரஜனின் விகிதம் இதைப்போலப் பல மடங்கு. ஆகவே, மரத்தைத் தின்று ஒரு கிராம் உடலைக் கட்ட வேண்டிய பூஞ்சை, நைட்ரஜனுக்காக மட்டும் எத்தனையோ கிராம் மரத்தைத் துழாவ வேண்டியதாகிறது. மண்ணிலிருந்து இழைக்கயிறுகளின் வழியே கொண்டுவரப்படுவதும், மரத்தினுள் குடியேறிய பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நிலைப்படுத்துவதும், மழைநீரோடு இறங்குவதுமாக வெளியிலிருந்து நைட்ரஜன் சிறிது வந்துசேரும் என்பது மெய்யே. ஆயினும் அவ்வரவு செலவுக்கு ஈடாவதில்லை. பூஞ்சை தன் பழைய இழைகளின் நைட்ரஜனை மீட்டுப் புதிய இழைகளுக்குக் கொடுக்கிறது என்று அவ்வாராய்ச்சியாளர்கள் முடிவு கண்டனர். 1968-இல் லெவி என்பாரோடு சேர்ந்து அவர்கள் செய்த சோதனைகளில், மரத்தை அரிக்கும் ஒரு பாலிபோரஸ் பூஞ்சை தன் இனத்தின் இழைவலையையே நைட்ரஜன் மூலமாகக் கொண்டு வளர வல்லது என்பதும் தெரியவந்தது. தன்னுண்ணலுக்குரிய மரபணு ஒன்றேனும் அறியப்படாத காலத்தில், சவ்வையும் பையையும் காணாமல், நைட்ரஜன் வரவுசெலவை மட்டும் கணக்கிட்டு இம்முடிவுக்கு வந்தது அவர்களுடைய தர்க்கத்தின் பெருமை. பிற்காலத்து உயிரணுவியலார் இவர்களைப் போதிய அளவு நினைவுகூர்வதில்லை என்பது என் குறை.

மழைக்காலத்தில் வீழ்ந்து ஓரிரண்டு பருவம் கண்ட ஒரு குர்ஜன் கட்டையைக் குறுக்கே பிளந்து பார்ப்பவருக்கு இது கண்கூடாகவே தெரியும். அரிப்பு முன்னேறும் விளிம்பில் இழைகள் வெள்ளையாகவும் செறிவாகவும் ஈரப்பளபளப்போடும் இருக்கின்றன. அதற்கு ஒரு சாண் பின்னே, பூஞ்சை தின்று முடித்த இடத்தில், மரம் பஞ்சுபோல் உதிர்கிறது. அங்கும் இழைகள் உள்ளன, ஆனால் உருப்பெருக்கியின் கீழ் அவற்றிற் பல வெறுங்குழல்கள். சுவர் நிற்கிறது, உள்ளே இருந்த புரோட்டோபிளாசம் எங்கோ போயிற்று. செத்து அழுகியதாயின் அங்கே கசடு தங்கியிருக்க வேண்டும். கசடின்றிக் காலியாக இருப்பதே, அது அழிந்துபோகவில்லை, குடிபெயர்ந்தது என்பதற்கு முதல் பிரமாணம்.

இனி, இக்குடிபெயர்ச்சியின் கருவி எவ்வாறு வெளிப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். தன்னுண்ணல் என்ற பெயரை 1963-ஆம் ஆண்டு லண்டனில் கூடிய ஒரு சபையில் வழங்கியவர் பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் தெ தூவ். ஆனால் அப்பெயர் சூட்டப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும், எலியின் ஈரல் முதலான திசுக்களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிய சில பைகளைத் தவிர அதன் உட்செயல் எதுவும் அறியப்படவில்லை. 1988-இல் டோக்கியோ சர்வகலாசாலையில் தமக்கெனச் சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்ட யோஷினோரி ஓசுமி, பிறர் அதிகம் பொருட்படுத்தாத ஈஸ்டின் வாக்குவோல் என்னும் உள்நீர்ப்பையை எடுத்துக்கொண்டார். உயிரணுவின் குப்பைத்தொட்டி என்றே அந்நாளில் அதைப் பலர் கருதிவந்தனர். வாக்குவோலில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் குறைபட்ட ஈஸ்ட் வகையொன்றை நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் இட்டு, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் அவர் நோக்கியபோது, அரைமணி முதல் ஒருமணிக்குள் வாக்குவோலின் தெளிந்த நீர்ப்பரப்பில் சிறு உருண்டைகள் தோன்றித் துள்ளித் துள்ளி அசைவதும், நேரம் செல்லச் செல்ல அவை பெருகி வாக்குவோலை நிரப்புவதும் தெரிந்தன. செரிக்கும் நொதி இருந்திருந்தால் வந்தவுடன் கரைந்து கண்ணுக்கு அகப்படாமலே போயிருக்கும் உருண்டைகள் அவை. செரிமானத்தைத் தடுத்ததனால் உண்ணுதல் பிரத்தியட்சமாயிற்று. எலக்ட்ரான் நுண்ணோக்கி அவற்றுள் ரைபோசோம்களையும், சில வேளைகளில் மைட்டோகாண்ட்ரியாவையும் காட்டியது. 1992-இல் வெளியான இக்காட்சியை அடுத்து, 1993-இல் அவரும் த்ஸுகாதாவும் தன்னுண்ண இயலாத பதினைந்து பிறழ்வு வகைகளைப் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் தும்மும் அமெரிக்காவில் கிளையோன்ஸ்கியும் வேறு வழிகளில் வந்து அதே மரபணுக்களைக் கண்டடைந்தமையால், 2003-ஆம் ஆண்டு எல்லாரும் கூடி ஏ.டி.ஜி. என்ற ஒரே பெயரும் வரிசை எண்ணும் வழங்கினர். 2016-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஓசுமிக்கு மட்டும் தனியே அளிக்கப்பட்டது.

பொறியின் அமைப்பைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறேன். அமினோ அமிலங்களும் நைட்ரஜனும் நிறைந்திருக்கும் வேளையில் டோர் என்னும் கைனேஸ் புரதம், ஏ.டி.ஜி.-13-க்குப் பாஸ்பேட்டைப் பூட்டி, ஏ.டி.ஜி.-1 என்னும் மற்றொரு கைனேஸின் கூட்டணி சேராதபடி தடுக்கிறது. ஊட்டம் வற்றினால் அத்தடை நீங்குகிறது. உடனே ஏ.டி.ஜி.-9 தாங்கிய நுண்பைகள் கூடி ஒரு கிண்ணம்போன்ற இரட்டைச் சவ்வைத் தொடங்க, ஏ.டி.ஜி.-8 என்னும் சிறு புரதம் கொழுப்போடு பிணைந்து அச்சவ்வில் பதிந்து அதை விரிக்க, அது சைட்டோபிளாசத்தின் ஒரு பகுதியை வளைத்து மூடிக்கொண்டு வாக்குவோலோடு கலக்கிறது. அங்கே செரித்துக் கிடைத்த அமினோ அமிலங்கள் வெளியேறிப் புதிய புரதமாகின்றன.

டோர் அறியப்பட்ட வரலாறு தீவுகளைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு சிறு விலகலுக்கு உரியது. பசிபிக் சமுத்திரத்தில் எல்லா நிலத்துக்கும் எட்டி நிற்கும் ராபா நூயி என்ற ஈஸ்டர் தீவின் மண்ணைக் கனடா நாட்டுக் குழுவொன்று 1964-ஆம் ஆண்டுப் பயணத்தில் எடுத்து வந்தது. அம்மண்ணில் இருந்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸ் சுரக்கும் பொருளை மாண்ட்ரியால் நகரில் ஆராய்ந்தவர், காசி இந்து சர்வகலாசாலையில் மருந்தியல் பயின்ற சுரேந்திரநாத் சேகல். 1975-இல் ராபமைசின் என்ற பெயரோடு அது வெளிப்பட்டபோது, பூஞ்சையை அடக்கும் மருந்தாகவே கருதப்பட்டது. 1991-இல் பாசல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அம்மருந்து ஈஸ்டில் தைக்கும் இலக்காக டோர் மரபணுக்களைக் கண்டனர். 1998-இல் நோதாவும் ஓசுமியும், ஊட்டம் நிறைந்த ஊடகத்திலேயே ராபமைசினை இட்டால் ஈஸ்ட் பட்டினி கிடப்பதாகவே எண்ணித் தன்னை உண்ணத் தொடங்குகிறது என்று காட்டினர். பூஞ்சையோடு ஒரே மண்ணில் உணவுக்குப் போட்டியிடும் நுண்ணுயிர் ஒன்று, எதிரியின் பசியுணர்வையே ஏமாற்றும் ஆயுதத்தைச் செய்து வைத்திருக்கிறது என்பது, பூஞ்சையின் வாழ்வில் பசியுணர்வு எத்துணை மையமானது என்பதற்கு இயற்கை தந்த சாட்சி.

இப்போது வாதத்தின் மூட்டுவாய்க்கு வருகிறோம். ஓசுமி தம் குடுவையில் உண்டாக்கிய பட்டினி எத்தகையது? அந்த ஊடகத்தில் குளூக்கோஸ் நூற்றுக்கு இரண்டு பங்கு தாராளமாக இருந்தது. இல்லாதது நைட்ரஜன் ஒன்றே. கரியைத் திடீரென்று நீக்கிவிட்டு நைட்ரஜனை வைத்தாலோ ஈஸ்டின் தன்னுண்ணல் அவ்வளவு வீறோடு எழுவதில்லை என்பது பின்னர் வந்த சோதனைகளின் முடிவு. சவ்வை விரிக்கவும் வாக்குவோலை அமிலமாக வைத்திருக்கவும் சக்தி வேண்டும் ஆதலின் அது வியப்பும் அன்று. ஆக, தன்னுண்ணல் முழுமையாக மலரும் சூழல், சக்திக்குக் குறைவின்றிப் புரதத்துக்கு மட்டும் வறுமை உற்ற சூழல். படாக் மரத்தின் உட்புறம் அச்சூழல் அல்லாமல் வேறென்ன? ஆய்வுக்கூடத்தார் செயற்கையாகச் செய்துகொண்ட விசேஷ நிலை என்று எண்ணப்படுவது, அந்தமான் காட்டின் ஒவ்வொரு வீழ்ந்த கட்டையிலும் இயற்கையாகவே உள்ள நிலை. மழை மிகுந்த வெப்பப் பிரதேசத்தில் மரம் விரைந்து வளர்ந்து விரைந்து வீழ்வதனால் கரி மேன்மேலும் குவிகிறது. கரையக்கூடிய நைட்ரஜனையோ அதே மழை அரித்துக்கொண்டு கடலிற் சேர்க்கிறது. வனத்தின் சுபிட்சமே பூஞ்சையின் க்ஷாமத்தைப் பெருக்குகிறது என்று சொல்வது இதனால்தான்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். ஈஸ்ட் ஓரணு உயிர். குடுவையில் உள்ள ஒவ்வோர் அணுவும் ஒரே கணத்தில் ஒரே அளவில் பட்டினியுறுகிறது. அது செய்யக்கூடியது காத்திருப்பதும், இணைந்த இரட்டை நிலையில் இருந்தால் வித்தி உண்டாக்குவதும் மட்டுமே. அதன் நடத்தையைக் கொண்டு பல அடி பரவிய இழைப்பூஞ்சையை எவ்வாறு விளக்கலாம்? இவ்வாட்சேபம் நியாயமானது, ஆனால் இதை ஆராயப் புகுந்தால் அது என் கட்சியையே வலுப்படுத்துகிறது. இழைப்பூஞ்சை நுனியில் மட்டும் வளர்வது. நுனி புதிய உணவைத் தேடி முன்னேறும்போது, அடிப்பகுதி அறைகள் தாம் தின்று தீர்த்த நிலத்தில் நின்றுவிடுகின்றன. குறுக்குச்சுவர்களில் துளை இருப்பதனால் அறைக்கு அறை சரக்கு செல்ல வழியும் இருக்கிறது. ஆகவே ஒரே உடலில் ஒரு முனை நிறைந்தும் மறு முனை பசித்தும் இருப்பது இவற்றின் நித்திய அவஸ்தை. பட்டினி இங்கே காலத்தில் வந்து போவது அன்று, இடத்தில் நிலைத்திருப்பது.

சோதனைகள் இதையே சொல்லுகின்றன. ஜப்பானியர் அரிசியையும் சோயாவையும் புளிக்கவைக்கப் பயன்படுத்தும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயில் ஏ.டி.ஜி.-8-க்கு ஒப்பான மரபணுவை நீக்கியபோது, நிலத்தில் படரும் இழைகள் வளர்ந்தன. ஆனால் காற்றில் எழும் இழைகளும் கொனிடியா வித்திகளும் ஏறத்தாழ இல்லாமற் போயின என்று 2006-இல் கிகுமா முதலியோர் தெரிவித்தனர். காற்றில் எழும் இழைக்கு நிலத்திலிருந்து நேரே உணவில்லை. கீழுள்ள உடல் கொடுத்தாலன்றி அது எழாது. மனிதரின் நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸில் ஏ.டி.ஜி.-1 நீக்கப்பட்டபோது, ஊட்டம் நிறைந்த தட்டில் குறை பெரிதாகத் தெரியவில்லை. ஊட்டமற்ற பரப்பில் இட்டபோதோ விளிம்பு இழைகள் முன்னேற இயலாமல் நின்றுவிட்டன. போடோஸ்போரா அன்செரினா, சோர்டாரியா மாக்ரோஸ்போரா என்னும் சாணப் பூஞ்சைகளிலும் கனியுடல் உண்டாவதற்குத் தன்னுண்ணல் இன்றியமையாதது. கவனித்தால், இவை எல்லாவற்றிலும் இழக்கப்பட்டது உயிர் அன்று. ஊட்டமில்லாத வெளியை நோக்கி உடலை நீட்டும் ஆற்றலே. குடியானவன் எத்தகைய பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்க அஞ்சுவான். பூஞ்சை செய்வது அதற்கு மறுதலை, கட்டிமுடித்த பழையதை எல்லாம் தின்று விதைநெல்லை உண்டாக்குவது.

தன்னுண்ணலை மரணத்தின் ஒரு வகையாகக் கருதும் சித்தாந்தத்தையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். இறக்கும் அணுக்களில் தன்னுண்ணல் பைகள் மிகுந்து காணப்படுவதால் அவையே மரண காரணம் என்று ஒரு காலத்தில் பலர் எண்ணினர். போடோஸ்போராவில் ஒத்துப்போகாத இரு குலங்களின் இழைகள் கலக்கும்போது கலந்த அணு இறந்துவிடும். அவ்வமயம் தன்னுண்ணல் எழுவதை ஃபிரான்சின் பொர்தோ நகரத்தார் 2003-இல் கண்டனர். காரணமா, உடன்நிகழ்வா? 2005-இல் அவர்களே விடை தந்தனர்: தன்னுண்ண இயலாத வகைகளில் மரணம் தடைப்படவில்லை, முன்னிலும் விரைந்தது. ஈஸ்டிலும் அவ்வாறே. தன்னுண்ண இயலாத பிறழ்வு வகைகள் நைட்ரஜன் பட்டினியில் ஓரிரு நாள் தாக்குப்பிடித்துப் பின் மடிந்தன. அமினோ அமிலம் வற்றியதனால், பட்டினிக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ளத் தேவையான புரதங்களைக்கூட அவற்றால் செய்ய முடியவில்லை. தீ எரியும் இடந்தோறும் தண்ணீர் இறைப்பவர் காணப்படுவதால் அவரே தீ வைத்தவர் என்று முடிவு செய்யும் பிழை இது.

மரத்தை விட்டு வயலுக்கு வந்தால், இதே விவாதம் வேறு வடிவத்தில் எதிர்ப்படுகிறது. அந்தமானில் நெல் முக்கியமாக வடக்கே திக்லிப்பூரிலும் மத்திய, தென் அந்தமானின் பள்ளத்தாக்குகளிலும் மழையை நம்பி விளைவது. நெல் விளையும் இடமெங்கும் அஞ்சத்தக்கது குலை நோய். சென்னை மாகாணத்தில் 1913-இல் பதிவாகி, 1919-இல் தஞ்சாவூர் டெல்டாவில் பெருஞ்சேதம் விளைவித்த அந்நோயின் காரணமான மாக்னபோர்த்தே ஒரைசே, இன்று பூஞ்சைத் தன்னுண்ணலை ஆராய்வோரின் பிரதான உயிராகிவிட்டது. அதன் வித்தி மூன்று அறைகளை உடையது. நெல் இலையின்மேல் விழுந்து, இலையில் நிற்கும் நீர்த்துளியில் முளைத்து, முளையின் நுனியில் அப்ரெசோரியம் என்ற கருநிறக் குமிழைக் கட்டுகிறது. அக்குமிழ் தன்னுள் கிளிசராலைச் செறித்து, நீரை இழுத்து, எண்பது வாயுமண்டல அழுத்தம் வரை ஏற்றி, இலையின் தோலைத் துளைத்துவிடுகிறது. இவ்வளவுக்கும் இலையின் மேற்பரப்பில் அதற்கு உணவென்று எதுவும் இல்லை. மழைநீர்த்துளி வெறும் நீரே. வித்திக்குள் இருந்த கையிருப்புதான் அத்தனைக்கும் முதல். மூன்று அறைகளும் தம் உட்பொருளைக் குமிழுக்கு அனுப்பிவிட்டுச் சுருங்கி மடிகின்றன. எக்ஸீட்டர் சர்வகலாசாலையில் நிக்கலஸ் டால்பாட்டின் குழுவினர் 2006-இல் ஏ.டி.ஜி.-8 மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, வித்தி சுருங்கவில்லை, குமிழ் உண்டாயிற்று, ஆனால் துளைக்கும் திறன் பெறவில்லை, நோயும் உண்டாகவில்லை. 2009-இல் கெர்ஷாவும் டால்பாட்டும் தன்னுண்ணல் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி ஆராய்ந்து, பொதுவகைத் தன்னுண்ணலுக்கு உரிய பதினாறில் எதை நீக்கினாலும் நோய் வாராது என்றும், பெராக்ஸிசோம், மைட்டோகாண்ட்ரியா முதலியவற்றை மட்டும் தெரிந்தெடுத்து உண்ணும் கிளைவழிகள் இதற்கு வேண்டியதில்லை என்றும் காட்டினர்.

2006-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் டால்பாட்டின் குழுவினர் இதைத் தன்னுண்ணல் மரணம் என்றே குறித்தனர். மேலே சொன்ன காரணங்களால் எனக்கு அப்பெயர் உவப்பாக இல்லை. மூன்றறை வித்தி மடிவது, வீழ்ந்த மரத்தில் ஒரு சாண் பின்னுள்ள இழை காலியாவதன் குறுகிய வடிவமே; அங்கு ஒரு பருவம் பிடிப்பது இங்கு ஓர் இரவில் நிகழ்கிறது.

வயலில் உழைப்பவர் இவ்விடத்தில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அதை அலட்சியம் செய்யலாகாது. தழைச்சத்தை அள்ளிப் போட்ட வயலில்தான் குலை நோய் கொழிக்கிறது என்பது தஞ்சை விவசாயி முதல் திக்லிப்பூர் விவசாயி வரை அனைவரும் அறிந்தது. ஆராய்ச்சி நிலையங்களும் அதையே சொல்லி யூரியாவைப் பிரித்துப் போடச் சொல்கின்றன. பட்டினியே பூஞ்சையைத் தூண்டுவதானால், நைட்ரஜன் மிகுந்த பயிரில் அது அடங்க வேண்டாமா? விடை, இலையின் மேற்புறத்தையும் உட்புறத்தையும் பிரித்து நோக்குவதில் இருக்கிறது. யூரியா எவ்வளவு போட்டாலும் இலையின் மேல் நிற்கும் நீர்த்துளி உணவற்றதே. வித்தியின் பட்டினி அங்கே குறைவதில்லை. துளைத்து உள்ளே சென்ற பிறகுதான் நைட்ரஜன் மிகுந்த இளந்திசு அதற்கு விருந்தாகிறது. அப்போது தன்னுண்ணலின் தேவையும் தணியலாம். இப்பூஞ்சையில் நோய்த்திறனோடு தொடர்புடைய எம்.பி.ஜி.-1 என்ற மரபணு நைட்ரஜன் அற்ற ஊடகத்தில் எழுச்சி பெறுவதை டால்பாட்டே 1993-இல் கண்டிருந்தார் என்பதும் இதனோடு பொருந்துகிறது. பட்டினியும் விருந்தும் ஒரு நோயின் அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள்; ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை. எட்டு மாதம் இலை காயாத அந்தமானின் வயலில் முதற்கட்டத்துக்கு வேண்டிய ஈரம் எப்போதும் உண்டு.

எதிர்ச் சான்றுகளை மறைத்து வாதிப்பது முறையன்று. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸில் தன்னுண்ணல் இழந்த வகை, எலியைக் கொல்வதில் குறைவுபடவில்லை. காண்டிடா ஆல்பிகான்ஸிலும் அது இல்லாமலே நோய் உண்டாகிறது. பெனிசிலியம் கிரைஸோஜீனத்தில் ஏ.டி.ஜி.-1-ஐ நீக்கினால் பெனிசிலின் விளைச்சல் கூடவே செய்கிறது. பெனிசிலின் ஆக்கத்தின் இறுதிப் படிகள் நிகழும் பெராக்ஸிசோம்கள் உண்ணப்படாமல் நீடிப்பதே காரணம். இவை தன்னுண்ணல் அன்றாட அங்கம் என்ற என் கூற்றை உடைப்பவைபோல் தோன்றலாம். ஆனால் பாலூட்டியின் திசு, மரக்கட்டையைப்போல் நைட்ரஜன் வறுமை உற்றதன்று. புரதமே அங்கு பிரதான உணவு. பெனிசிலின் தொட்டியும் மனிதன் ஊட்டி வளர்க்கும் இடம். வறுமை எங்கு இல்லையோ அங்கு அதற்கென அமைந்த கருவி இல்லாமையும் உறைக்கவில்லை. இது என் கூற்றை மறுக்கவில்லை. அதற்கு எல்லை வகுக்கிறது. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மான்ஸ் மட்டும் இவ்வெல்லைக்குள் அடங்காமல் நிற்கிறது. அதில் ஏ.டி.ஜி.-8 குன்றினால் நோய்த்திறன் குன்றுகிறது. அப்பூஞ்சை உடலின் விழுங்கணுக்களுக்குள் புகுந்து வாழ்வது என்பதையும், விழுங்கணு தான் விழுங்கியதைப் பட்டினி போட்டே கொல்ல முயல்வது என்பதையும் சேர்த்து நோக்கினால் அதுவும் அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை.

அந்தமானில் வனத்தையும் வயலையும்போலவே மூன்றாவதாக ஒரு களம் உண்டு. ஏறக்குறைய 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ள அலையாத்திக் காடுகளின் கட்டைகளிலும் ஊன்றுவேர்களிலும் வாழும் கடற்பூஞ்சைகளை 1993-இல் சின்னராஜ் தொகுத்து வெளியிட்டார். 2018-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிரஞ்சனும் வெங்கடேஸ்வர சர்மாவும் இத்தீவுகளின் பூஞ்சைகள் அனைத்துக்கும் ஓர் அட்டவணை அமைத்தனர். அலையாத்தி இலையும் கட்டையும் நைட்ரஜன் குன்றியவை, டானின் மிகுந்தவை. வீழ்ந்த இலை சேற்றில் மக்க மக்க அதன் நைட்ரஜன் விகிதம் ஏறுவதை எங்கும் காணலாம். நுண்ணுயிர்கள் சுற்றுநீரிலிருந்து பற்றி வைத்துக்கொள்வதே அந்த ஏற்றம். அதனோடு உப்பும் சேர்கிறது. பூஞ்சையின் வாக்குவோல் உணவைச் செரிக்கும் இடம் மட்டும் அன்று, சோடியத்தைப் பூட்டிவைக்கும் இடமும், பாலிபாஸ்பேட்டைச் சேமிக்கும் இடமும் அதுவே. நியூரோஸ்போராவில் அணுவின் ஆர்ஜினின் ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் அடங்கியிருக்கிறது. கிடங்கும் செரிகலமும் உப்பறையும் ஒரே கோணியில் அமைந்த உயிருக்கு உப்பும் பசியும் ஒருங்கே நேர்ந்தால் எதற்கு முதலிடம் தரும் என்பது எளிதில் விடை காணக்கூடிய வினா அன்று. 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து சிப்பிகாட் முதலிய இடங்களின் நெல்வயல்களில் கடல்நீர் நிலையாகப் புகுந்தது. வட அந்தமான் உயர்ந்ததனால் அலையாத்தி மரங்கள் நீரெட்டாமல் காய்ந்து நின்றன. ஒரே நாளில் ஒரு முனையில் நன்னீர்ப் பூஞ்சைகள் உப்புக்கும், மறு முனையில் உப்புநீர்ப் பூஞ்சைகள் வறட்சிக்கும் ஆட்பட்டன. எந்த ஆய்வுக்கூடமும் இவ்வளவு பெரிய அளவில் அமைக்க முடியாத பரிசோதனை அது.

இதுகாறும் சொன்னவற்றுள் மரத்தின் நைட்ரஜன் கணக்கு பிரத்தியட்சம். மரபணு நீக்கச் சோதனைகளும் பிரத்தியட்சம். இரண்டையும் இணைத்து அந்தமான் வனத்துக்குப் பொருத்தியது அநுமானம். அநுமானத்தைச் சோதிக்கும் வழி கடினமானதன்று. 1883 முதல் சாத்தம் தீவில் இயங்கிவந்த மர அறுவை ஆலை போன்ற இடங்களில் கிடைக்கும் படாக் மரத்தூளை எடுத்து, ஒரு பங்கை அப்படியேயும், மற்றப் பங்குகளை அம்மோனியம் உப்பைப் படிப்படியாகக் கூட்டியும் நீண்ட தட்டுகளில் பரப்பி, ஒரு முனையில் தன்னுண்ணல் உள்ள வகையையும் அதை இழந்த வகையையும் தனித்தனியே நட்டு, இழைவிளிம்பு நாள்தோறும் எவ்வளவு முன்னேறுகிறது என்று அளக்க வேண்டும். அத்துடன், பின்தங்கிய பகுதியில் எஞ்சிய நைட்ரஜனையும் மதிப்பிட வேண்டும். போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில்) 1978 முதல் இயங்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் இதற்கு வேண்டிய வசதிகளைத் திரட்டுவது அரிதாகாது. என் கூற்று மெய்யானால், சாதாரணத் தூளில் தன்னுண்ணல் இழந்த வகை சிறிது தூரம் சென்று நிற்கும், அதன் பின்னே நைட்ரஜன் மீளாமல் தேங்கியிருக்கும், உப்பிட்ட தூளில் இரு வகைகளின் வேகமும் நெருங்கிவரும். உப்பிட்ட தூளிலும் இடைவெளி அப்படியே நீடிக்குமாயின், தன்னுண்ணல் அங்கு நைட்ரஜனுக்காக அன்றி வேறு காரியத்துக்காகவே வேண்டப்படுகிறது என்று கொண்டு, மரத்தைப் பற்றி நான் சொன்ன பகுதியைக் கைவிட்டு, ஃபூமிகேட்டஸ் சோதனையில் உலோக அயனிகளைக் கூட்டியபோது குறை நீங்கியதை நினைவிற் கொண்டு, ஆராய்ச்சியை அந்தத் திக்கில் தொடங்க வேண்டும்.